நிறத்தை விடுங்கள், பெயரைப் பாருங்கள்



மஸ்கெலியாவில் எங்கள் லயத்தின் கடைசிக் காம்பராவில் இருக்கும் பாட்டிக்குப் பல வருடமாகப் பிரஷர். கிளினிக்கில் முன்பு கொடுத்த குளிசை ரோஸ் நிறம், பிறகு கொடுத்தது வெள்ளை. புது மருந்தென்று நினைத்து, மிச்சமிருந்த ரோஸ் குளிசையையும் சேர்த்தே விழுங்கி வந்தார். இரண்டும் லொசார்டன்தான். ஒரு நாள் காலையில் எழும்பியவர் தலைசுற்றி வாசலில் விழுந்துவிட்டார்.

அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்கு விலைமனு கோரித்தான் மருந்து வாங்குகிறார்கள். கம்பனி மாறினால் நிறமும் பருமனும் மாறும். மருந்தின் பெயர் மாறாது. 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவரான பேராசிரியர் சேனக பிபிலே, கம்பனி வைத்த பெயரை விட்டு மருந்தின் பொதுப் பெயரையே பாவிக்க வேண்டுமென்று பாடுபட்டார். விலையைக் குறைக்கத்தான் அப்படிச் செய்தார். ஆனால் இடம்பெயர்ந்து அலைந்தவர்களுக்கு அதில் இன்னொரு நன்மையும் உண்டு. 2009இல் கிளினிக் கொப்பியையும் தொலைத்துவிட்டு வந்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். பொதுப் பெயர் ஞாபகத்தில் இருந்தால் போதும், கிளிநொச்சியிலும் மஸ்கெலியாவிலும் அது ஒன்றுதான்.

மருந்து உறையில் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோதான் பெரும்பாலும் எழுதியிருக்கும். மருந்து கொடுப்பவரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும். மருந்தின் பெயர், எந்த வருத்தத்துக்கு, எத்தனை என்று பிள்ளைகளைக் கொண்டு உறையில் தமிழில் எழுதுவியுங்கள். வாசிக்கத் தெரியாத அம்மாவுக்குக் காலைக்குச் சூரியனும் இரவுக்கு நிலாவும் கீறிவிடலாம்.

சீனி வருத்தத்துக்குக் கிளிக்லசைட் போடுகிறவர்கள் வெறும் பிளேன்டீயோடு விழுங்கிவிட்டு விறகு பொறுக்கப் போகக்கூடாது. சாப்பிடாவிட்டால் சீனி மட்டம் இறங்கி வியர்க்கும், கை நடுங்கும், மயக்கம் வரும். வயதுபோன களைப்பென்று வீட்டில் பேசாமல் இருந்துவிடுவார்கள்.

2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது எங்கள் பக்கத்தில் சிலர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிசை போட்டார்கள். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. தலையிடி இல்லாததால் பிரஷர் குறைந்துவிட்டதாம்! பிரஷர் நோவு காட்டாமலே ஏறும். பாரிசவாதம் வந்து கையும் காலும் விழுந்த பிறகுதான் தெரியவரும்.

அடுத்த கிளினிக் நாளில் வீட்டிலுள்ள எல்லா மருந்தையும், பழைய அட்டை, கடையில் வாங்கியது, நாட்டு மருந்து எதையும் விடாமல், ஒரு பையில் போட்டு டாக்டரின் மேசையில் வையுங்கள். அம்மாவோடு நீங்களும் போங்கள். ஒரு நாள் சம்பளம் போகும்தான்.