செருகினால்தானே மின்சாரக் கார்?

நான் படித்த பிரெஞ்சில் பிளக்-இன் ஹைபிரிட் காருக்கு 'இப்ரீத் ரெஷார்ஜாப்ள்' என்று பெயர். சார்ஜ் செய்யக்கூடியது என்று பொருள். சார்ஜ் செய்தது என்றல்ல. வில்லங்கமே அங்கேதான்.

சோதனைக்கூடக் கணக்கைவிட இவை சாலையில் 3.5 மடங்கு கரிவாயு கக்குவதாக ஐரோப்பிய ஆணையம் 2024-இல் சொன்னது. பிளக்கைச் செருகாத சோம்பேறிகளைத் திட்டுகிறார்கள். சரிதான், ஆனால் நான் பொறியாளரையும் விடமாட்டேன். பல வண்டிகளில் மோட்டார் சிறியது. சற்று அழுத்தி மிதித்தால், பேட்டரியில் சார்ஜ் இருந்தும் பெட்ரோல் எஞ்சின் விழித்துக்கொள்ளும்.

முடியாத காரியமா? 2010-இல் வந்த செவ்ரோலெட் வோல்ட்டில் 111 கிலோவாட் மோட்டார். கடுங்குளிர் தவிர, சார்ஜ் உள்ளவரை முழு மிதிக்கும் அதுவே ஈடுகொடுத்தது.

குமாஸ்தாவாக இருந்தவன் சொல்கிறேன்: காகிதக் கணக்கை நம்பிச் சலுகை கொடுக்காதீர்கள். மோட்டார் எஜமானாக இருக்கட்டும். எஞ்சின் உதவிக்கு நிற்கட்டும்.