கணக்கில் வராத களைப்பு

எங்க சின்னம்மா ஒரு அரசு மருத்துவமனையில் துப்புரவு வேலை செய்றாங்க. பதினோரு வருசமாச்சு. ஆனால் மருத்துவமனையின் ஊழியர் பட்டியலில் அவங்க பேர் கிடையாது. ஒப்பந்தக்காரன் பட்டியலில் இருக்கிறது. ஒப்பந்தக்காரன் மூன்று முறை மாறிவிட்டான். அவங்க கையில் இருக்கிற துடைப்பம் மாறவில்லை.

2021 மே மாதம். கொரோனா இரண்டாவது அலை. ஆம்புலன்சுகள் வாசலில் வரிசை கட்டி நின்ற நாட்கள். ஒரு ராத்திரி வேலை முடிந்து வந்தவங்க, உள்ளே வராமல் வாசப்படியிலேயே உட்கார்ந்துகொண்டு சொன்னாங்க: “இன்னிக்கு ஒரு பெரியவரு தண்ணி கேட்டாரு தம்பி. காதுல விழாத மாதிரி வந்துட்டேன். எனக்கு என்னமோ ஆயிப்போச்சு.” மறுநாள் தண்ணி பாட்டிலோடு போனாங்க. அந்தப் படுக்கையில் வேறு ஆள் கிடந்தார்.

‘என்னமோ ஆயிப்போச்சு’ என்று சின்னம்மா சொன்னதற்குப் படித்தவர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். 1974இல் ஃப்ராய்டன்பெர்கர் என்கிற உளவியலாளர் அதை ‘பர்ன் அவுட்’ என்று எழுதினார். எரிந்து தீர்ந்துபோதல். பிறகு மாஸ்லாக் என்கிற அம்மையார் அதற்கு மூன்று அடையாளங்கள் சொன்னார். உடலும் மனசும் வற்றிப்போவது. எதிரில் இருக்கிற மனுசரை மனுசராகப் பார்க்க முடியாமல் போவது. நாம் செய்வதால் ஒரு பயனுமில்லை என்று தோன்றுவது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் இன்னொன்றையும் தெளிவாக்கியது: இது நோயல்ல, வேலையிடத்தில் விளைவது. அப்படியென்றால் மருந்தையும் வேலையிடத்தில்தானே தேட வேண்டும்?

தொற்றுக்காலத்தில் டாக்டர்களின் களைப்பைப் பற்றிப் பேசினார்கள், நர்சுகளின் களைப்பைப் பற்றிப் பேசினார்கள். பேச வேண்டியதுதான். ஆனால் சின்னம்மாகிட்ட வந்து ‘ராத்திரி தூக்கம் வருதா’ என்று யாரும் கேட்கவில்லை. மஞ்சள் பையை இரட்டையாகப் போட்டுக் கழிவைக் கட்டியது அவங்க. ஹைப்போகுளோரைட் கரைசலில் கண் எரிய எரியத் தரை துடைத்தது அவங்க. பிணத்தைப் பையில் வைத்து ஜிப் இழுத்ததும் அவங்கதான். கவச உடையைப் போட்டால் கழற்றும்வரை தண்ணீர் கிடையாது, ஒண்ணுக்குப் போக முடியாது. “உங்களுக்கெல்லாம் இது பழக்கம்தானே” என்று சொன்னாராம் மேஸ்திரி.

இந்த ஒரு வாக்கியத்தில் சாதி மொத்தமும் இருக்கிறது. டாக்டர் களைத்தால் தியாகம். நர்ஸ் களைத்தால் சேவை. நம்ம ஆள் களைத்தால் அது களைப்பே இல்லை, பழக்கம்! இந்த வேலைக்கு எந்தத் தெருவிலிருந்து ஆள் வருகிறது என்பது ஊருக்கே தெரியும். டெண்டர் படிவத்தில் மட்டும் அதை எழுத மாட்டார்கள்.

2020 மார்ச் 22ஆம் தேதி தட்டு தட்டினார்கள். மே 3ஆம் தேதி ஹெலிகாப்டரில் வந்து மருத்துவமனைகள்மேல் பூ தூவினார்கள். அந்தப் பூவைக் கூட்டியது யார்? அந்த மார்ச்சிலேயே மத்திய அரசு 50 லட்ச ரூபாய் காப்பீடு அறிவித்தது. அதில் துப்புரவுத் தொழிலாளர் பெயரும் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அது செத்தால் வருகிற பணம். உயிரோடு இருந்து ஒருநாள் லீவு கேட்டால்?

நான் பேங்க் குமாஸ்தா. அந்த நாட்களில் நானும் கவுண்ட்டரில் பயந்துகொண்டுதான் நோட்டு எண்ணினேன். ஆனால் எனக்கு லீவு உண்டு, சங்கம் உண்டு. சின்னம்மாவின் பாஸ்புக்கை நானே அச்சடித்துக் கொடுத்தேன். தொற்று வந்து பதினாலு நாள் படுத்திருந்த மாதத்தில் பாதிச் சம்பளம்தான் ஏறியிருந்தது. வார்டில் வாங்கிய நோய்க்கு வார்டே அபராதம் போட்டிருக்கிறது.

நான் கவிதையும் எழுதுகிறவன். 2020இல் இவர்களைப் பற்றி ஒன்று எழுதினேன். ‘தாய்’ என்றெல்லாம் போட்டு சின்னம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுச் சொன்னாங்க: “அம்மான்னு சொல்லிட்டா சம்பளம் குடுக்க வேணாம்ல?” கிழித்துப் போட்டேன்.

தோழர்களே, நாமும் இந்தத் தப்பைச் செய்கிறோம். 1897இல் பூனாவில் பிளேக் பரவியபோது, மகர் குடியிருப்பிலிருந்து நோயுற்ற ஒரு சிறுவனை முதுகில் சுமந்து மகனின் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார் சாவித்திரிபாய் பூலே. அந்த நோய் தொற்றி மார்ச் 10ஆம் தேதி இறந்தார். அவரை வணங்குவோம். ஆனால் அது அவராகத் தேர்ந்தெடுத்தது. வயிற்றுக்காக வார்டுக்குள் போகிறவளிடம் அந்தத் தியாகத்தைக் கேட்க நமக்கு உரிமையில்லை. 2014இல் எபோலா காலத்தில் சியரா லியோனின் கெனமா நகரில், ஆபத்துப்படி கிடைக்காத அடக்கத் தொழிலாளர்கள் பிணங்களை மருத்துவமனை வாசலிலேயே போட்டார்கள். மனிதத்தன்மையற்ற செயல் என்றது அரசுத் தரப்பு, வேலையைவிட்டு நீக்குவோம் என்றது. படியைக் கொடுக்காதது மனிதத்தன்மையா?

நர்சுகள் நமக்கு எதிரிகள் இல்லை. மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் வேலை பார்த்தவர்கள் 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். கொரோனாவுக்கென்று எடுக்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்களை 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு வீட்டுக்கு அனுப்பியது அரசு. அவர்களும் எரிந்தவர்கள்தான். ஆனாலும் களைப்பு மேலே ஏறுவதில்லை, கீழேதான் இறங்குகிறது. டாக்டர் நர்ஸ்மேல் எரிந்து விழுகிறார். நர்ஸ் சின்னம்மாவை ‘ஏய்’ என்கிறார். சின்னம்மா பெரியவரின் குரலைக் கேட்காமல் போகிறார். அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மை இதுதான். கடைசிப் படியில் கிடப்பவர் யார்? தனியார் ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லாத நம்ம சனம். அதனால்தான் இது வெறும் தொழிற்சங்கப் பிரச்சினை இல்லை என்கிறேன்.

மனநல ஆலோசனை வேண்டாம் என்று சொல்லவில்லை. வேலை நேரத்திலேயே கொடுங்கள். யோகா வகுப்பும் நடத்துங்கள். அதற்கு முன்னால் வார லீவு கொடுங்கள். தொற்று வந்தால் முழுச் சம்பளத்தோடு விடுப்பு கொடுங்கள். உட்கார ஒரு அறை, குடிக்கத் தண்ணீர், ஒரு கக்கூஸ் கொடுங்கள். பிணம் கட்டுகிற வேலையை ஒரே ஆளின் தலையில் தினமும் கட்டாதீர்கள். வருசம் முழுக்க நடக்கிற வேலைக்கு எதற்கு ஒப்பந்தம் என்று 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமே கேட்டது. ஆஸ்பத்திரித் தரை எந்த நாளில் துடைக்கப்படாமல் இருக்கும்? நிரந்தரம் செய்யுங்கள்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் ஊர் அரசு மருத்துவமனைக்கு ஒரு நோட்டோடு போங்கள். துப்புரவுக்கு எத்தனை பேர், எத்தனை பேர் ஒப்பந்தம், கடைசியாக எப்போது லீவு எடுத்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அவர்களின் களைப்பை முதலில் கணக்கில் ஏற்றுவோம். அடுத்த தொற்று வருவதற்குள் அந்தக் கணக்கோடு கலெக்டர் ஆபீஸ் வாசலில் நிற்போம். சின்னம்மாவும் வருகிறேன் என்றிருக்கிறார்கள், லீவு கிடைத்தால்.