பல்லின் மேல் பழி!

நாமக்கல் லாரி டிரைவர் ஒருவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் காற்று கன்னத்தில் பட்டதும் 'சுரீர்' என்று ஒரு வலி. மின்சாரம் தாக்கியது போல் இருக்கும். சில விநாடிகளில் மறைந்துவிடும். பிறகு சவரம் செய்தால் வலி, பல் துலக்கினால் வலி. ஒரு கவளம் சோறு உண்ணவும் பயம்!

அவர் நேரே பல் டாக்டரிடம்தான் போவார். கடைவாய்ப் பல் ஒன்று போகும்; வலி போகாது. அடுத்த பல்லும் போகும். சொத்தையே இல்லாத பற்களை இப்படிப் பறிகொடுத்தவர்கள் உலகமெங்கும் உண்டு. பாவம், பல் என்ன செய்யும்?

குற்றவாளி நரம்பு. மூளைத் தண்டிலிருந்து புறப்பட்டு நெற்றி, கன்னம், தாடை என மூன்று கிளையாகப் பிரியும் நரம்பு அது. பெரும்பாலோருக்கு, புறப்படும் இடத்திலேயே ரத்தக் குழாய் ஒன்று அழுத்தி, அதன் மேலுறை தேய்ந்துவிடுகிறது. உறை கிழிந்த மின்கம்பி மாதிரிதான். டாக்டர்கள் இதை 'டிரைஜெமினல் நியூரால்ஜியா' என்பார்கள்.

முதல் மருந்து கார்பமாசெபைன் மாத்திரை. 1962 முதல் இந்த வலிக்குப் பெயர் பெற்றது. நன்றாகவே கேட்கும். ஆனால் தூக்கமும் தலைச்சுற்றலும் பலருக்குக் கூடவே வரும். திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் சமாளித்துக்கொள்வார். இரவெல்லாம் லாரி ஓட்டுகிறவர்? மாத்திரை தின்றால் தூக்கம், தின்னாவிட்டால் வலி! இரண்டுமே ரோட்டில் ஆபத்து.

மாத்திரை ஒத்துக்கொள்ளாத இப்படிப்பட்டவர்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பத் தாமதிக்கவே கூடாது. காதுக்குப் பின்னால் மண்டை ஓட்டில் சிறு துவாரமிட்டு, ரத்தக் குழாயை நரம்பிலிருந்து விலக்கும் ஆபரேஷன் உண்டு. நீண்ட நாள் பலன் தருவது அதுதான். அதைத் தாங்காத உடம்புக்கும், மண்டையைத் திறக்க அஞ்சுகிறவர்களுக்கும் இருப்பது கதிர் சிகிச்சை.

சுவீடன் டாக்டர் லார்ஸ் லெக்செல் 1951-ல் இதற்கு வித்திட்டார். 1968-ல் ஸ்டாக்ஹோமில் 'காமா கத்தி' வந்தது. பெயர்தான் கத்தி, அறுப்பது கிடையாது. சுமார் 200 மெல்லிய கோபால்ட் கதிர்கள் பல திசைகளிலிருந்து வந்து நரம்பில் ஒரே புள்ளியில் கூடுகின்றன. தனிக் கதிருக்கு வலுவில்லை. கூடுமிடத்தில்தான் வேலை நடக்கிறது. ஊர் கூடித் தேர் இழுப்பது போல! இந்தியாவுக்கு 1997-ல் இது வந்துவிட்டது.

இது மந்திரமல்ல. வலி அடங்கச் சில வாரங்கள், சில சமயம் மாதங்களே ஆகும். அதுவரை மாத்திரையை நிறுத்த முடியாது. சிலருக்கு முகம் மரத்துப் போகும். சிலருக்குச் சில ஆண்டுகளில் வலி திரும்பும். காத்திருக்கும் அந்த நாட்களில் டிரைவருக்கு ஸ்டியரிங் கூடாது. லாரி உரிமையாளர் மனமிருந்தால் ஆபீசிலோ ஷெட்டிலோ ஒரு வேலை தரலாம். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் வலியை மறைத்து வண்டி ஓட்டுகிறவரைவிட, அது முதலாளிக்கும் லாபம்.

சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. நாமக்கல்லிலும் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. குறட்டைக் கையில் எடுக்குமுன், "காற்றுப் பட்டால் வலிக்கிறதா?" என்று கேட்கக் காசு செலவில்லை. அதற்கு மேல் போக வேண்டுமானால், காமா கத்தி உள்ள பெங்களூர் நிம்ஹான்ஸ், சேலத்து வண்டிகள் ஓசூர் வழியாக நகருக்குள் நுழையும் அதே சாலையில்தான் இருக்கிறது. நம் டிரைவர்களுக்கு அந்த வழியை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.