தராசில் வைக்க வேண்டாம்

சென்ற தைப் பொங்கல் விடுமுறையில் நம் பழைய மாணவர் ஒருவர் தருமபுரியில் நம் இல்லத்திற்கு வந்திருந்தார். வணிகவியல் பயின்றவர், நம்மிடம் படித்தது பகுதி ஒன்றுத் தமிழ் மட்டுமே. இப்போது பெங்களூரில் ஒரு நிதி நிறுவனத்தில் கடன் கணக்குகளைச் சரிபார்க்கும் பணியில் இருக்கிறார். பகலில் அது. இரவு உணவுக்குப் பிறகு கணினி நிரல் எழுதுகிறார். எவரும் கேட்காமல், எவரிடமும் கூலி பெறாமல், தமிழுக்காக.

இவற்றில் ஒன்றை விட்டுவிடலாமா என்று கேட்கவே வந்திருந்தார். ‘பதவி உயர்வுத் தேர்வை முடி, இந்த விளையாட்டெல்லாம் அப்புறம்’ என்கிறார் தந்தை. நிரல்தான் பிடிக்கும் என்றால் மென்பொருள் நிறுவனத்திற்கே போய்விடலாமே என்கிறார்கள் நண்பர்கள். இவை நமக்கு வியப்பளிக்கவில்லை. மூன்றாவதாக அவர் தயங்கிச் சொன்னதுதான் சுட்டது. நன்னூல் எழுத்ததிகாரத்தில் ஓர் ஐயம் கேட்கத் தமிழாசிரியர் ஒருவரிடம் போயிருக்கிறார். ‘கடன் கணக்குப் பாக்கறவனுக்கு எதுக்குத் தம்பி நன்னூல்?’ என்று பதில் கிடைத்திருக்கிறது.

இக்கட்டுரை அந்தக் கேள்விக்கான மறுப்பு. கேட்டவர் நம் இனம். ஆகவே இது நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டிய மறுப்பும் ஆகும்.

முதலில் அந்த இளைஞர் என்ன செய்கிறார் என்பதைப் பார்ப்போம். மலர்விழி, மறைமலை, மனோகரன் என்று மூன்று பெயர்கள். நன்னூல் வழியில் அடுக்கினால் லகரம் முன், றகரம் பின், னகரம் கடைசி. ஆகவே இதே வரிசைதான். ஆனால் மொழிக்குரிய வரிசை விதியைக் கேளாமல், யூனிகோடு எண்களை மட்டும் ஒப்பிடும் மென்பொருளிடம் கொடுத்தால் மனோகரன், மறைமலை, மலர்விழி என்று தலைகீழாக வரும். காரணம் இருக்கிறது. யூனிகோட்டில் இந்திய எழுத்துகளின் அடுக்கு 1988ஆம் ஆண்டின் இஸ்கி தரத்தைப் பின்பற்றியது. அத்தரம் எல்லா இந்திய எழுத்துகளையும் ஒரே சட்டகத்தில் அமர்த்தியது. அதனால் நம் னகரம் நகரத்தின் அருகிலும், றகரம் ரகரத்தின் அருகிலும் போய் உட்கார்ந்தன. எழுத்துகள் சிறப்பாலும் இனத்தாலும் முறைப்பட்டன என்று பவணந்தியார் சொன்ன விளக்கம் அந்தச் சட்டகத்திற்குத் தெரியாது. நிரலில் அதை ஒருவர் எழுதித்தான் ஆக வேண்டும். எழுதுகிறவருக்கு நன்னூல் தெரிந்திருக்க வேண்டும்.

இது பட்டியல் பிரச்சினை மட்டும் என்றால் விட்டுவிடலாம். அதே மலர்விழி அரூர்ப் பக்கத்தில் இரண்டு கறவை மாடுகளுக்குக் கடன் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆவணத்தில் அவர் பெயரின் ழகரத்தை ஆங்கிலத்தில் ‘இசட் எச்’ என்று எழுதியிருக்கிறார்கள். மற்றொன்றில் ‘எல்’ என்று. தமிழில் ஒருத்தி, கணினிக்கு இருவர். விண்ணப்பம் திரும்புகிறது. அவர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, சான்றிதழ் திருத்தப் பேருந்து ஏறுகிறார். இப்படித் திரும்பிய விண்ணப்பங்களைப் பகலில் பார்த்துப் பார்த்து அலுத்தவர்தான் நம் மாணவர். ஒரு தமிழ்ப் பெயர் ஆங்கிலத்தில் எத்தனை வடிவங்களில் எழுதப்படக்கூடும் என்பதைக் கணித்து, அவை ஒருவருடையவையாக இருக்கலாம் என்று எச்சரிக்கும் நிரல் ஒன்றை இரவில் எழுதிக்கொண்டிருக்கிறார். லகர, ளகர, ழகர வேறுபாடு, வல்லினம் மொழிமுதலில் ஒருவிதமாகவும் மெல்லினத்தின் பின் வேறுவிதமாகவும் ஒலிப்பது ஆகிய அனைத்தும் அதில் விதிகளாக இருக்கின்றன.

அவருக்கு அடுத்த இருக்கையில் ஒரு வங்காள இளைஞராம். அதே நிதி வேலை, அதே நிரல் பித்து, தாய்மொழி மீது அதே பற்று. வங்காளிகளின் குடும்பப் பெயர்களில் பந்தோபாத்யாய என்பதும் பானர்ஜி என்பதும் ஒன்றே. முகோபாத்யாயவும் முகர்ஜியும் அவ்வாறே. தந்தையின் ஆவணத்தில் ஒன்றும் மகனின் ஆவணத்தில் மற்றொன்றும் இருந்தால் கணினி உறவை மறுக்கிறது. வகரம் பகரமாக ஒலிக்கும் மொழி அது. ஆகவே விகாஸ் என்பவர் பிகாஷ் ஆகிறார். அந்த இளைஞரும் இரவில் தம் மொழிப் பெயர்களுக்கு நிரல் எழுதுகிறார். ‘நிதி, நிரல், வங்காளம் மூன்றையும் எப்படிச் சமன் செய்வது?’ என்று அவரும் கேட்டுக்கொண்டிருக்கிறாராம். ‘எங்க ரெண்டு பேருக்கும் ஒரே வியாதி ஐயா’ என்று சிரித்தார் நம் மாணவர்.

வியாதி அவர்களிடம் இல்லை, அந்தக் கேள்வியில் இருக்கிறது. சமன் செய்வது என்றால் தராசு. தராசு என்றால் ஒரு தட்டு ஏற மறு தட்டு இறங்க வேண்டும். வேலையும் ஆர்வமும் அடையாளமும் ஒன்றையொன்று தின்னும் என்ற முன்முடிவு அச்சொல்லிலேயே இருக்கிறது. மேற்சொன்ன நிரலைப் பாருங்கள். கடன் அலுவலகத்தில் அமராதவருக்கு இச்சிக்கல் கண்ணில் பட்டிராது. நிரல் அறியாதவர் கண்டும் கைபிசைந்திருப்பார். தமிழ் அறியாதவர் தவறான விதி எழுதியிருப்பார். மூன்றில் ஒன்றைக் கழற்றினால் மற்ற இரண்டும் பயனற்றுப் போகும். இதில் எதை எதற்கு எதிராக நிறுப்பது?

‘வங்கிக்காரனுக்கு இலக்கணம் எதற்கு’ என்று கேட்கும் நண்பர்கள் தாம் வகுப்பில் நடத்தும் பாடத்தையாவது நினைத்துப் பார்க்கலாம். மணிமேகலை பாடியவர் கூலவாணிகன் சாத்தனார். சங்கப் புலவர் வரிசையில் அறுவை வாணிகன் இளவேட்டனார் உண்டு, உறையூர் மருத்துவன் தாமோதரனார் உண்டு. முல்லைப்பாட்டின் நப்பூதனார் பொன்வாணிகனார் மகனார். தொழிலைப் பெயரிலேயே சுமந்தவர்கள் அவர்கள். தானியம் விற்பதால் பாட்டுக்கு இழுக்கு என்று தொகுத்தவர்கள் கருதவில்லை. நம் தகடூரின் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்றவர் ஒளவையார். அரசியல் தூதும் கவிதையும் அவருக்கு ஒரே நாவில் இருந்தன.

இன்னும் பொருத்தமான சான்று சி. வை. தாமோதரம் பிள்ளை (1832–1901). யாழ்ப்பாணத்தவர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவருள் ஒருவர். அரசின் வரவு செலவுக் கணக்கு அலுவலகத்தில் பணிபுரிந்து, பின்னர் புதுக்கோட்டையில் நீதிபதியானார். வீரசோழியத்தை 1881இலும் கலித்தொகையை 1887இலும் அச்சேற்றியவர் இவரே. அன்றைய நிதித்துறை ஊழியர், அன்றைய புதிய பொறியான அச்சின் துணையால், கரையானுக்கு இரையாகிக்கொண்டிருந்த சுவடிகளை மீட்டார். ‘கணக்கெழுதுபவனுக்குக் கலித்தொகை எதற்கு’ என்று அவர் ஒதுங்கியிருந்தால் நம் பாடத்திட்டத்தில் எத்தனை பக்கங்கள் குறைந்திருக்கும்?

நம் காலத்திற்கு வருவோம். வண்ணதாசன் ஸ்டேட் வங்கி ஊழியராக இருந்தவர். சுஜாதா பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்கேற்ற பொறியாளர். இரா. முருகன் வங்கி அதிகாரியாக இருந்து கணினித் துறைக்குள் வந்து, அந்த அனுபவத்திலிருந்தே ‘மூன்று விரல்’ நாவலை எழுதினார். கணினியில் தமிழ் வந்த வரலாறும் இதுதான். சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆய்வாளரான கு. கல்யாணசுந்தரம் 1998இல் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். மலேசியாவில் முத்து நெடுமாறன், சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி, அதிராம்பட்டினத்து உமர் தம்பி என்று நீளும் பெயர்களில் தமிழ்நாட்டுத் தமிழ்த்துறைப் பேராசிரியர்கள் எத்தனை பேர்? தமிழுக்காக மாதச் சம்பளம் வாங்கும் நாம் அப்போது என்ன செய்துகொண்டிருந்தோம்? கணினி வந்தால் தமிழ் அழியும் என்று கருத்தரங்கில் கட்டுரை வாசித்துக்கொண்டிருந்தோம்.

வங்காளத்திலும் இதே கதை. 1952 பிப்ரவரி 21இல் டாக்காவில் தாய்மொழிக்காக மாணவர்கள் உயிர்கொடுத்த மண் அது. அந்த மொழி கணினியில் எளிதாகத் தட்டச்சாக வழிசெய்த அவ்ரோ மென்பொருளை 2003இல் வெளியிட்டவர் மெஹ்தி ஹசன் கான் என்ற மருத்துவ மாணவர். விலையின்றிக் கொடுத்தார். எல்லைக்கு இப்பால் மேற்கு வங்கத்திலும் அதில் எழுதுகிறார்கள். 2025இல் வங்கதேச அரசு அவருக்கும் உடன் உழைத்த தோழர்களுக்கும் ஏகுஷே பதக்கம் அளித்தது. அங்கே பதக்கம் வரவும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ஆனாலும் வந்தது.

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. அதைத் தட்டிக்கழிக்க மாட்டோம். இரவுத் தூக்கத்தை விற்றுத்தான் மொழி வளர வேண்டுமா? ஆர்வலர்களின் உழைப்பை வியந்து பாராட்டுவது, அவர்களுக்குக் கூலி கொடுக்காமல் தப்பிக்கும் வழி இல்லையா? ஆம், அப்படியும் ஆகிறது. ஒரு தனிமனிதரின் மீது நிற்கும் பணி அவரோடு தள்ளாடும். நா. கோவிந்தசாமி 1999இலும் உமர் தம்பி 2006இலும் மறைந்தபோது, அவர்கள் மனத்தில் இருந்த அடுத்த திட்டங்களும் உடன் போயின. நம் மாணவரும் நான்கைந்து மணி நேரமே உறங்குகிறார், கண்ணில் தெரிந்தது. ஆனால் இந்த வாதத்தின் முடிவு ‘ஆகவே அவர் தமிழை விடட்டும்’ என்பதாக இருக்க முடியாது. ‘ஆகவே நாம் தோள்கொடுப்போம்’ என்பதே முடிவு. அவர் தனியாகச் சுமப்பதற்குக் காரணம் சுமையில் நம் பங்கை நாம் எடுக்காததுதான்.

எடுப்பது கடினமும் இல்லை. ஆண்டுதோறும் முதுகலை மாணவர்கள் ஆய்வேடு எழுதுகிறார்கள். பழைய ஆய்வேடுகளைப் பார்த்து எழுதிய புதிய ஆய்வேடுகள் அலமாரியில் தூசி தின்கின்றன. அவற்றுள் ஒன்றாவது பென்னாகரம், பாலக்கோடு வட்டாரத்து மக்கட்பெயர்களையும் அவற்றின் ஆங்கில எழுத்து வடிவங்களையும் தொகுத்ததாக இருக்கட்டும். தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வழங்கும் மாவட்டம் இது. நம் மாணவரே வீட்டில் தெலுங்கு பேசுபவர். இங்குள்ள பெயர்கள் நூறு கதை சொல்லும். மொழியியல் படித்த நமக்கு அது நல்ல ஆய்வு. நிரல் எழுதும் அவருக்கு அது தரவு. அரூர் மலர்விழிக்கு ஒரு நாள் கூலி. இதற்குப் பல்கலைக்கழக மானியக் குழுவிடம் கையேந்த வேண்டியதில்லை. நெறியாளர் கையெழுத்திட்டால் போதும்.

வரும் கல்வியாண்டில் நாம் அப்படி ஒரு தலைப்பில் கையெழுத்திடுவதென்று முடிவு செய்திருக்கிறோம். இதைப் படிக்கும் தமிழாசிரிய நண்பர்கள் தத்தம் மாவட்டத்தில் ஒன்றைத் தொடங்கினால் மகிழ்வோம். கேலி செய்தாலும் பரவாயில்லை. ஆனால் ஐயம் கேட்டு வருபவரை வாசலில் நிறுத்தாதீர்கள்.

அன்று அவரிடம், ‘எதையும் விடாதே தம்பி, தூக்கத்தை மட்டும் கொஞ்சம் கூட்டிக்கொள்’ என்றோம். பிறகு நன்னூலை எடுத்து வந்து திண்ணையில் அமர்ந்தோம். பெங்களூருக்கு அருகிலுள்ள கோலாரோடு தொடர்புடைய கங்கர் குலத்துச் சீயகங்கன் வேண்டப் பவணந்தியார் செய்த நூல் அது என்றதும், ‘அப்போ நான் வேலை பாக்கற பக்கத்து நூல்தானா ஐயா!’ என்று வியந்தார். அவர் கொண்டுவந்த ஐயம் எழுத்துகளின் வைப்புமுறை பற்றியது. ஒரு மணி நேரத்தில் தீர்ந்தது. மற்றோர் ஐயம் கேட்டார்; அதற்கு நமக்கு விடை தெரியவில்லை. படித்துவிட்டுச் சொல்வதாகக் கூறி அனுப்பினோம். இன்னும் படித்துக்கொண்டிருக்கிறோம்.