பழி ஓரிடம், பாயின்ட் ஓரிடம்

பதிவு போட்டு ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. டிசர்டேஷன், பார்ட் டைம் வேலை, வெம்பிளி குளிருன்னு காரணம் அடுக்கலாம். உண்மைக் காரணம் சோம்பேறித்தனம் :-) இன்னைக்கு எழுத வச்சது ஒரு புல்லட். சரியாச் சொன்னா ரெண்டு புல்லட். ஒண்ணு இங்க ஈலிங் ரோடு பக்கம், இன்னொண்ணு திருச்சியில எங்க வீட்டு வாசல்ல. ரெண்டுக்கும் ஒரே வியாதி: "புல்லிங் இல்லை". ரெண்டு வீட்டுலயும் சொன்ன காரணமும் ஒண்ணுதான்: "இந்தப் புதுப் பெட்ரோலு".

முதல்ல ஈலிங் ரோடு கதை. நான் சனி, ஞாயிறு வேலை பாக்குற கடைக்கு யாழ்ப்பாணத்து அண்ணா ஒருத்தர் வருவார். அவர்கிட்ட 1982-ல செஞ்ச புல்லட் 350 இருக்கு. இந்த வண்டிக்கு ஒரு சுவாரசியமான பூர்வீகம் உண்டு. இங்கிலாந்துல ரெட்டிச்சுங்கிற ஊர்ல பிறந்த கம்பெனி ராயல் என்ஃபீல்டு. 1955-ல மெட்ராஸ் மோட்டார்ஸோட கூட்டு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா ஆச்சு, திருவொற்றியூர்ல தொழிற்சாலை வந்துச்சு. அப்புறம் தாய்க் கம்பெனி படுத்துருச்சு, மெட்ராஸ் பிள்ளை மட்டும் பிழைச்சுக்கிச்சு. 1977-லேர்ந்து நம்ம ஊர் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதி ஆச்சு. அப்படிப் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்த வண்டிகள்ல ஒண்ணுதான் அண்ணாவோடது. இந்த நாட்டுக்கு வந்து அவர் சொந்தக் காசுல வாங்கின முதல் பொருளாம். 2023 ஆகஸ்டுல லண்டன் முழுக்க யூலெஸ் வந்தப்பக்கூட, 40 வயசு தாண்டின வண்டிங்கிறதால தப்பிச்சுது.

போன மாசம் கடையில வந்து நின்னு, "தம்பி, உந்தப் பெற்றோல் மாத்தினதில இருந்து சைக்கிளுக்குச் சீவன் இல்லை. உதை விக்கப் போறன். சனிக்கிழமை ஒராள் வருவார்"னார். விலை கேட்டேன். பேரீச்சம்பழத்துக்குப் போடுற விலை.

அவர் சொன்ன பெட்ரோல் ஈ10. பிரிட்டன்ல 2021 செப்டம்பர்ல சாதாரண பெட்ரோல்ல எத்தனால் 10 சதவீதம் வரைக்கும் கலக்க ஆரம்பிச்சாங்க. பழசு வேணும்னா சூப்பர் ரகத்துல ஈ5 இருக்கு, விலை கொஞ்சம் கூட. அண்ணா அதையும் போட்டுப் பாத்துட்டார். புது கார்புரேட்டர் மாத்தியாச்சு. ப்ளக் ரெண்டு தடவை, ஏர் ஃபில்டர் ஒரு தடவை. டேங்க்ல ஊத்துற மருந்து பாட்டில் வேற. முன்னூறு பவுண்டுக்கு மேல காலி. வண்டி மட்டும் சட்பரி ஹில் ஏத்தத்துல மூணாவது கியர்ல முக்குது.

எனக்கு என்ன தெரியும்னு கேக்குறீங்களா? இன்ஜினியரிங் டிகிரி ஒண்ணும் சொல்லித் தரலை (ஹி ஹி). பிளஸ் டூ லீவுல பாலக்கரையில ஒரு பாய் மெக்கானிக் ஷாப்ல உக்காந்திருந்தேன். அவர் சொல்ற பாடம் இதுதான்: "முதல்ல கரண்ட்டைப் பாரு, அப்புறம் காத்தைப் பாரு, கடைசியா எண்ணெயைப் பாரு. ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் தொடு." காத்துன்னா கம்ப்ரஷன். நாலு சாமானை ஒரே நாள்ல மாத்தினா, வண்டி சரியானாலும் எதனால சரியாச்சுன்னு தெரியாது, ஆகலைன்னாலும் ஏன் ஆகலைன்னு தெரியாது. அண்ணாவுக்கு நடந்தது அதுதான்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் அவர் வீட்டுப் பின்பக்கம் உக்காந்தோம். வண்டி ரெண்டாவது கிக்லயே ஸ்டார்ட் ஆச்சு, ஐடிலிங் அழகா நின்னுச்சு. கிக்கர்ல கால் வச்சா கம்ப்ரஷன் நல்லாத் தாங்குது. கழட்டின ப்ளக் காபித்தூள் நிறம், அதாவது கலவை சரி. அடுத்து ஒரு சின்ன சோதனை. ஏத்தத்துல முக்கும்போது சோக்கை பாதி இழுக்கச் சொன்னேன். எண்ணெய் பத்தாம முக்குற வண்டின்னா சோக் இழுத்ததும் கொஞ்சமாவது உயிர் வரும். இது இன்னும் மோசமாச்சு. அப்ப எண்ணெய் குத்தவாளி இல்லை. சைலன்சர் பைப் ஹெட்டுப் பக்கத்துல நீலம் பூத்திருந்துச்சு, இன்ஜினும் அளவுக்கு மேல சூடு. தீப்பொறி தாமதமா வந்தா இப்படி ஆகும்.

பாயின்ட் மூடியைக் கழட்டினோம். பாயின்ட் கேப் 0.35-லேர்ந்து 0.40 மில்லிமீட்டர் வரைக்கும் இருக்கணும். ஃபீலர் கேஜ்ல 0.15 பிளேடு கஷ்டப்பட்டு உள்ள போச்சு. கேம் மேல உரசுற ஃபைபர் குதிகால் தேஞ்சா கேப் குறையும். கேப் குறைஞ்சா பாயின்ட் லேட்டாத் திறக்கும். லேட்டாத் திறந்தா பொறியும் லேட்டு, வெடிக்கிற சக்தியில பாதி பிஸ்டனைத் தள்ளாம சைலன்சரைச் சூடாக்கிட்டு வெளிய போயிரும்.

கேப்பைச் சரி பண்ணி, பாயின்ட் நடுவுல சிகரெட் பேப்பரைச் செருகி டைமிங் வச்சோம். பிஸ்டன் மேல வந்து முடியறதுக்கு 0.8 மில்லிமீட்டர் முன்னாடி பேப்பர் வழுக்கிட்டு வரணும். ஓட்டிப் பாத்தா பாதி குணம்தான். அப்புறம் பாயின்ட் தட்டுக்குக் கீழ இருக்கிற ஆட்டோ அட்வான்ஸைப் பாத்தோம். வேகம் ஏற ஏற ரெண்டு சின்ன எடைக்கட்டி வெளிப்பக்கம் விரிஞ்சு பொறியை முன்னாடி தள்ளணும். இங்க பழைய கிரீஸ் காஞ்சு, ரெண்டும் பிசின் போட்ட மாதிரி ஒட்டிக் கிடந்துச்சு. ஐடிலிங் அழகா இருந்ததுக்கும் ஏத்தத்துல முக்கினதுக்கும் காரணம் அங்கதான் இருந்துச்சு. மண்ணெண்ணெய்ல கழுவி, ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு, டைமிங்கைத் திரும்பச் சரி பாத்தோம். மொத்தச் செலவு ஒரு சிகரெட் பேப்பர் பாக்கெட்.

அன்னைக்கு ராத்திரி சட்பரி ஹில்லை மூணாவது கியர்லயே ஏறி, ஹாரோ ஆன் த ஹில் வரைக்கும் போயிட்டு வந்தார். ஹெல்மெட்டைக் கழட்டி கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம் போனை எடுத்து, சனிக்கிழமை வர இருந்த ஆளுக்கு "நான் விக்கேல்லை"னார்.

இதோட முடிச்சிருந்தா "பெட்ரோல் அப்பாவி"ன்னு தலைப்பு வச்சிருப்பேன். ரெண்டாவது புல்லட் அப்படி முடிக்க விடலை.

அப்பாவோட 1984 மாடலுக்கும் அதே கம்ப்ளெய்ன்ட். மெக்கானிக் ஒருத்தர் "ஹெட்டைக் கழட்டணும்"னு சொல்லி பெரிய தொகை கேட்டிருக்கார். "வித்துரலாம்டா, எனக்கும் வயசாச்சு"ன்னார் அப்பா. வயசாச்சுன்னு அவர் இதுக்கு முன்னாடி சொன்னதே இல்லை. வீடியோ கால்ல அதே வரிசையில போனோம். "அப்பா, மூடியைக் கழட்டிக் காட்டுங்க." பாயின்ட் கேப் சரி. அட்வான்ஸ் சுலபமா ஆடுது. கம்ப்ரஷன் சரி. ப்ளக் வெளுத்துக் கிடக்கு. பாதி சோக் இழுத்தா வண்டி ஜம்முனு போகுது! இங்க எண்ணெய்தான் பத்தலை. ஃப்ளோட் கிண்ணத்தைக் கழட்டச் சொன்னா அடியில கருப்பா ரப்பர் துணுக்கு. பழைய பெட்ரோல் டியூப் ஊறி, கையில ஒட்டுற பதத்துல இருந்துச்சு. எத்தனால் பழைய ரப்பருக்குப் பண்ற வேலை அது. டியூப் மாத்தி, ஜெட்டை ஊதி, ஓட்டிப் பாத்துட்டு, அப்புறம் மெயின் ஜெட்டை ஒரு சைஸ் பெருசாக்கினார். இப்ப வண்டி நல்லா ஓடுது. மைலேஜ் மட்டும் கொஞ்சம் குறைவுதான்.

ஜெட் ஏன் பெருசாகணும்? எத்தனால்ல ஆக்சிஜன் ஏற்கெனவே இருக்கு. சுத்தமான பெட்ரோல் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காத்து வேணும். 10 சதவீதம் கலந்தா சுமார் 14.1 போதும், 20 சதவீதம்னா சுமார் 13.5. புது வண்டியில கம்ப்யூட்டர் இதைச் சரி பண்ணிக்கும். பழைய கார்புரேட்டருக்கு ஜெட்தான் மூளை, அதை நாமதான் மாத்தணும்.

இப்ப என் கருத்து. இந்தியாவுல 2025-ல 20 சதவீதக் கலப்பு வந்துருச்சு. வேற வழியும் இருக்கணும்னு போட்ட பொதுநல வழக்கை 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தள்ளுபடி பண்ணிருச்சு. எத்தனால் வேண்டாம்னு நான் சொல்லலை. கரும்பு விவசாயி, இறக்குமதிச் செலவுன்னு அதுக்கு நியாயம் இருக்கு. ஆனா இங்க அண்ணாவுக்கு ஈ5-ன்னு ஒரு வழி இருக்கு. அங்க அப்பா பங்க்ல போய் சாதாரண பெட்ரோல்னு கேட்டா 20 சதவீதம் கலந்ததுதான். பழைய வண்டி வச்சிருக்கிறவங்களுக்கும் குறைஞ்ச கலப்புல ஒரு ரகம் கிடைக்கணும். இது ஆடம்பரம் கேக்குறது இல்லை. எங்க அப்பா மாதிரி ஆளுங்களுக்கு அது முப்பது, நாப்பது வருஷ வாழ்க்கை.

இதைக் கேக்குற நாம முதல்ல ஒழுங்கா சோதிச்சுட்டுக் கேக்கணும்ங்கிறதுதான் என் வாதம். தேஞ்ச பாயின்ட், ஒட்டின அட்வான்ஸ், அடைச்ச ஜெட் எல்லாத்துக்கும் "பெட்ரோல்தான்"னு சொன்னா, புலி வருது புலி வருது கதைதான். நிஜமா டியூப் கரையும்போது யாரும் நம்ப மாட்டாங்க. பெட்ரோலைத் திட்டி ஒதுங்குறது மெக்கானிக்குக்கும் வசதி, பார்ட்ஸ் விக்கிறவருக்கும் வசதி. நஷ்டம் வண்டிக்கும் அதை வித்துட்டு ராத்திரி தூங்காம இருக்கிற மனுஷனுக்கும்தான்.

அதனால உங்க வீட்டுலயும் ஒரு பழைய வண்டி முக்கிச்சுன்னா, விக்கிறதுக்கு முன்னாடி ஒரு ஃபீலர் கேஜும் ஒரு சாயந்திரமும் ஒதுக்குங்க. கரண்ட், காத்து, எண்ணெய். என்ன நாஞ்சொல்றது?

டிஸ்கி: பாய் இப்ப கடையை மூடிட்டார்னு அப்பா சொன்னார். பாயின்ட் வைக்கத் தெரிஞ்ச கை குறைஞ்சுக்கிட்டே வருது. தெரிஞ்சவங்க யாராவது பக்கத்துல இருந்தா, ஒரு ஞாயித்துக்கிழமை போய் உக்காந்து கத்துக்குங்க. டீக்காசு மட்டும் நீங்க குடுங்க :-)