அன்னல்ஸும் நம் அடைமொழிகளும்

சிறுபத்திரிகைக் கட்டுரைகளில் ‘அன்னல்ஸ்’ என்ற பெயர் அடிக்கடி தலைகாட்டுகிறது. நாவலில் ஒரு ஊரின் கதை வந்துவிட்டால் போதும், ‘அன்னல்ஸ் பார்வை’ என்று விமர்சகர் முத்திரை குத்திவிடுகிறார். அந்தப் பத்திரிகை என்ன செய்தது என்று மட்டும் சொல்வதில்லை.

மார்க் பிளாக்கும் லூசியன் ஃபெவ்ரும் 1929இல் அதைத் தொடங்கினார்கள். மன்னர், யுத்தம், உடன்படிக்கை இவற்றின் தேதிப் பட்டியலே சரித்திரம் என்ற பேராசிரியர்களின் நம்பிக்கையோடு சண்டை பிடித்த பத்திரிகை அது. பிளாக் வயல்களின் அமைப்பைப் படித்தார். அந்த வழியில் வந்த லெ ருவா லதூரி 1975இல், ஒரு மதவிசாரணைப் பதிவேட்டை வைத்துக்கொண்டு மோந்தாயூ என்ற மலைக்கிராமத்தின் 14ஆம் நூற்றாண்டு வாழ்க்கையை எழுதிக் காட்டினார். பதிவேட்டில் குனிந்து செய்த வேலை இது. நாம் எடுத்துக்கொண்டது பெயரை மட்டும்.

கேட்டால், தமிழனுக்குச் சரித்திரப் பிரக்ஞை இல்லை, ஆவணம் இல்லை என்கிறார்கள். சௌகரியமான பொய். புதுச்சேரியில் துய்ப்ளேயின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 தொடங்கி 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்த நாள், சரக்கு விவகாரம், சகுனம், 1748இல் வேதபுரீஸ்வரர் கோயில் இடிபட்டது எல்லாம் அன்றைய பேச்சுத் தமிழில் இருக்கின்றன. ஆங்கிலத்தில் 12 தொகுதிகளும் 1928க்குள் முடிந்தன. தமிழ் மூலம் 1948இல்தான் புதுவையில் அச்சேறத் தொடங்கியது.

ஆளவந்த பிரெஞ்சுக்காரர்கள் 1911இலேயே அதே புதுச்சேரியில் பிரெஞ்சிந்திய சரித்திரத்துக்கென்று சங்கம் வைத்து, தங்கள் மொழியில் பத்திரிகையும் நடத்தினார்கள். பாரதி அப்போது அந்த ஊரில்தான் இருந்தார். பிறகு பிரபஞ்சன் அந்த நாட்குறிப்பிலிருந்து ‘மானுடம் வெல்லும்’ எழுதினார். ஒரு நாவலாசிரியர் தன் காரியத்தைச் செய்துவிட்டார். மூலத்தை எடுத்துவைத்து, நாவல் எதைக் கொண்டது, எதை விட்டது என்று வரிவரியாகப் பார்த்த விமர்சனம் எத்தனை?

பேரேட்டில் பொழுதைக் கழிக்கிறவன் நான். ஒரு நகைக்கடன் பதிவுக்குள் ஒரு குடும்பத்தின் மழையில்லாத வருஷம் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். ஆழ்வார்குறிச்சியில் கடனா நதித் தண்ணீர் யார் வயலுக்கு முதலில் பாய்ந்தது, யார் காத்திருந்தார்கள் என்பதும் சரித்திரம்தான். அதைச் சொல்லக்கூடிய கோயில் கணக்கையும் கர்ணம் கணக்கையும் அடமானப் பத்திரத்தையும் தேடி யாரும் பரணில் ஏறுவதில்லை. கரையான் ஏறுகிறது.

அன்னல்ஸின் பெயரை ஐந்து வருஷத்துக்கு உச்சரிக்க வேண்டாம். அதற்குள் தாமிரவருணிக் கரையில் ஏதாவது ஒரு ஊரின் கணக்குகளைப் படித்து, பிழையில்லாமல் இருபது பக்கம் அச்சிடுவோம்.