முடியத் தெரிந்த நாடகங்கள்



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மலர்க்குழுவினர் கேட்டபோது, "எனக்குக் கட்டுரையெல்லாம் வராது, டிவி பார்க்கத்தான் வரும்" என்றேன். "அப்போ அதையே எழுது" என்றார்கள். விளையாட்டுக்குச் சொன்னார்களோ என்னவோ, நான் நிஜமாகவே எழுதிவிட்டேன். பீங்கானைப் பற்றியும், அப்துல் கலாமைப் பற்றியும், இளைஞர் சக்தியைப் பற்றியும் எழுத இந்த மலரில் நிறையப் பேர் இருப்பீர்கள். நான் நாடகத்தைப் பற்றி எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா நாலாவது, அம்மா ஏழாவது, ஆயா கைநாட்டு. என் பாடப் புத்தகத்தை விட்டால் வீட்டில் அச்சடித்த தாள் என்று இருந்தது ரேஷன் கார்டும் தினசரி காலண்டரும்தான். ஆனால் டிவி இருந்தது. 2006-இல் ஆரம்பித்த இலவசக் கலர் டிவித் திட்டத்தில் கிடைத்த 14 இஞ்ச் பெட்டி. நான் தவழ்ந்த காலத்திலேயே அது வீட்டில் இருந்ததாம். இப்போது ரிப்பேராகி, அதன் மேல் சாமி படம் வைத்திருக்கிறோம். எனக்குக் கதை என்று ஒன்று வந்தது அந்தப் பெட்டிக்குள் இருந்துதான். "சீரியலா? சே!" என்று சில பேர் மூக்கைச் சுளிப்பார்கள். அவர்கள் வீட்டில் புத்தக அலமாரி இருக்கும், சுளிக்கலாம்.

அதற்காக இப்போது ஓடுகிற மெகா தொடர்களுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. எங்கள் அம்மா செராமிக் பட்டறையில் பினிஷிங் வேலை செய்கிறார். அச்சிலிருந்து எடுத்த பொம்மையில் ஓரம் நீட்டிக்கொண்டிருக்கும் அல்லவா, அதைக் கத்தியால் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்துக் கொடுக்க வேண்டும். காலையிலிருந்து சாயந்திரம் வரைக்கும் அதே வேலை. ராத்திரி வந்து சோற்றை வடித்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தால் அசைய மாட்டார். 'எதிர்நீச்சல்' ஓடியபோது (2022 முதல் 2024 வரை ஓடியது) நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். படித்த பெண்களை வேலைக்கு அனுப்பாமல் வீட்டுக்குள் பூட்டி வைக்கும் குடும்பத்தின் கதை. அதிகாரம் பண்ணுகிற அண்ணனாக மாரிமுத்து நடித்ததைப் பார்த்து ஆயா டிவியைப் பார்த்தே திட்டுவார்! 2023-இல் அவர் இறந்த செய்தி வந்தபோது அதே ஆயா அழுதார். அந்தத் தொடரில் விஷயம் இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் 700 எபிசோடுக்கு மேல் இழுக்கும்போது எந்த விஷயம்தான் தாங்கும்? 'கோலங்கள்' 1500-ஐத் தாண்டியது. ஒருநாள் அம்மாவே சலித்துப்போய்ச் சொன்னார்:

"சூளையில ஏத்துனா ஒருநா எறக்கணும்டி. இவனுவோ ஏத்திக்கினே இருக்கானுவோ."

செராமிக் படிக்கிற நமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அன்றைக்கு முடிவு செய்தேன், முடியத் தெரிந்த நாடகங்களாகத் தேடிப் பிடித்து அம்மாவுக்குக் காட்டுவது என்று. அப்படித் தேடியதில் கிடைத்தவற்றைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். 'மர்மதேசம்' பற்றிச் சொல்லவில்லை. நாகா இயக்கி, இந்திரா சௌந்தர்ராஜன் எழுதிய அந்தத் தொடரை யாராவது ஒரு மாமாவோ சித்தப்பாவோ உங்களுக்கு ஏற்கெனவே நூறு தரம் சொல்லியிருப்பார். நல்ல தொடர்தான். அதற்கு என் சிபாரிசு எதற்கு?

முதலில் 'கதை நேரம்'. பாலுமகேந்திரா என்றால் 'மூன்றாம் பிறை' எடுத்தவர் என்று மட்டும்தான் நம்மில் பல பேருக்குத் தெரியும். மட்டக்களப்புக்குப் பக்கத்தில் அமிர்தகழி என்ற ஊரில் 1939-இல் பிறந்தவர், 2014-இல் காலமானார். 2000-ஆம் ஆண்டை ஒட்டி சன் டிவிக்காக இந்தத் தொடரை எடுத்தார். வாரம் ஒரு கதை. தமிழில் நல்ல எழுத்தாளர்கள் எழுதிய சிறுகதைகளை எடுத்துக்கொண்டு, அரை மணிக்குள் சொல்லி முடித்துவிடுவார். செட்டு கிடையாது, பட்டுப்புடவை கிடையாது, ஒரு முகத்தை மூன்று தரம் திருப்பித் திருப்பிக் காட்டும் வேலை கிடையாது. ஒரு வீடு, ஜன்னல் வழியாக வருகிற வெளிச்சம், இரண்டு மூன்று பேர், அவ்வளவுதான். மௌனிகா நிறையக் கதைகளில் நடித்திருக்கிறார். வாரத்துக்கு வாரம் வேறு ஆளாக இருப்பார்.

அதில் மாலன் எழுதிய 'தப்புக் கணக்கு' என்று ஒரு கதை. ஒரு சின்னப் பிள்ளை கணக்குப் போடுகிறது. விடை சரி. ஆனால் போட்ட வழி டீச்சர் சொல்லிக் கொடுத்த வழி இல்லை. தப்பு என்று போட்டுவிடுகிறார்கள். பிள்ளைக்காகத் தாத்தா நியாயம் கேட்கிறார். கதை இவ்வளவுதான். இதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள்.

நான் ஒன்பதாவது படித்தபோது, கணக்கில் இவள் தேற மாட்டாள், பத்தாவதில் பள்ளிக்கூடத்தின் ரிசல்ட் கெட்டுவிடும், டி.சி. வாங்கிக்கொண்டு போய்விடுங்கள் என்று அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். எந்தப் பள்ளிக்கூடம் என்பது வேண்டாம். அம்மா அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். கையில் சிலிப் காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. அதை முந்தானையில் மறைத்துக்கொண்டு, "சரிங்க சார், சரிங்க சார்" என்று தலையாட்டிக்கொண்டே நின்றார். கடைசியில் என் தமிழம்மா ஒருவர் குறுக்கே வந்து பேசியதால்தான் அந்த டி.சி. கிழிபடாமல் நின்றது. பிறகு நான் பத்தாவது தேறியதும், இங்கே வந்து சேர்ந்ததும் தனிக்கதை.

'தப்புக் கணக்கு' முடிந்ததும் அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "அன்னிக்கி நானும் இப்பிடிக் கேட்டிருக்கணும். எனக்குக் கேக்கத் தெரியலடி."

நாலு வருஷமாக அந்த விஷயத்தை நாங்கள் இரண்டு பேரும் வாயே திறக்காமல் இருந்தோம். எனக்கு அம்மா மேல் ஒரு கோபம் இருந்தது, அது அம்மாவுக்கும் தெரியும். அரை மணி நேர நாடகம் ஒன்று அதைப் பேச வைத்தது. இந்த ஒன்றுக்காகவே பாலுமகேந்திராவுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

அதே தொடரில் புதுச்சேரி எழுத்தாளர் பிரபஞ்சனின் 'மரி என்கிற ஆட்டுக்குட்டி'யும் வந்தது. அதுவும் டி.சி. கதைதான்! அடங்காத மாணவி என்று மரியைப் பள்ளிக்கூடத்தை விட்டு அனுப்பப் பார்க்கிறார்கள். ஒரு வாத்தியார் மட்டும், இந்தப் பெண் ஏன் இப்படி இருக்கிறாள் என்று யோசித்து, மனைவியையும் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்கே போகிறார். மீதியை நான் சொல்ல மாட்டேன். கதையாகப் படித்தாலும் சரி, நாடகமாகப் பார்த்தாலும் சரி. வகுப்பில் யாரைப் பார்த்து நாம் "அது ஒரு மாதிரி" என்கிறோமோ, அவரை நினைத்துக்கொண்டு பாருங்கள்.

அடுத்தது நம் காலத்தது. 2023-இல் ஜீ5-இல் வந்த 'அயலி'. முத்துக்குமார் இயக்கியது, எட்டே எபிசோடு. 1990-இல் புதுக்கோட்டைப் பக்கம் வீரப்பண்ணை என்று ஒரு கிராமம். அங்கே பெண்பிள்ளை வயதுக்கு வந்துவிட்டால் படிப்பு நின்றுவிடும், உடனே கல்யாணம். மீறினால் அயலி சாமி கோபித்துக்கொள்ளும் என்று ஊர்க்கட்டுப்பாடு. டாக்டராக ஆசைப்படும் தமிழ்ச்செல்வி (அபி நட்சத்திரா) வயதுக்கு வந்ததையே மறைத்துப் படிக்கிறாள். அந்தப் பொய்யில் அவள் அம்மாவும் சேர்ந்துகொள்கிறார். அம்மாவாக நடித்தவர் அனுமோள். எனக்குக் கேட்டால் கதாநாயகி அவர்தான். பயந்துகொண்டே துணிகிறார் பாருங்கள், அந்தப் பயத்தை நான் எங்கள் வீட்டில் தினமும் பார்க்கிறேன்.

குறையும் சொல்ல வேண்டும். அயலியில் கெட்டவர்கள் ரொம்பக் கெட்டவர்கள். சில இடங்களில் வசனம் மேடைப் பேச்சாகிவிடுகிறது. கடைசியில் எல்லாம் கொஞ்சம் சுலபமாக நடந்துவிடுகிறது. நிஜத்தில் அப்படியா நடக்கிறது?

மாமா பையன் போனைச் சொம்பில் சாய்த்து வைத்து நானும் அம்மாவும் ஆயாவும் நாலு ராத்திரியில் அதைப் பார்த்து முடித்தோம். அம்மா ஏழாவதோடு நின்றதற்கும் அதே காரணம்தான். நிறுத்தியது ஆயா. அந்த நாலு ராத்திரியும் ஆயா "உம்" என்றுகூடச் சொல்லவில்லை. நடுவில் எழுந்தும் போகவில்லை. இதைப் பார்த்து எங்கள் வீடு திருந்திவிட்டது என்று எழுதினால் அது பொய். டிப்ளமோ முடிந்ததும் கல்யாணம் என்று அத்தை இன்னும் மாதம் ஒருதரம் வந்து போய்க்கொண்டுதான் இருக்கிறார். நேரடி இரண்டாம் ஆண்டு பி.இ. சேர வேண்டும் என்பது என் ஆசை. அப்பா பிடிகொடுத்துப் பேசுவதில்லை. ஆனால் போன தடவை அத்தை பேச்செடுத்தபோது, "அது படிக்கட்டும் விடு" என்று ஒரு குரல் வந்தது. அம்மா சொன்னார் என்று நினைத்துத் திரும்பினேன். ஆயா!

மூன்றாவது சிபாரிசைக் கேட்டால் சிரிப்பீர்கள். இந்தி நாடகம், அதுவும் 1986-இல் தூர்தர்ஷனில் வந்தது. 'நுக்கட்' என்றால் தெருமுனை. குந்தன் ஷாவும் சயீத் அக்தர் மிர்சாவும் இயக்கினார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், இதன் நாயகன் ஒரு எலக்ட்ரீஷியன்! குரு என்று பேர். அவனுடைய கூட்டாளி ஹரி சைக்கிள் ரிப்பேர் கடைக்காரன். டீக்கடை வைத்திருக்கிற காதர் பாய், எப்போதும் போதையில் இருக்கிற கோப்டி, ஒரு டீச்சரம்மா... இவர்கள்தான் மொத்தக் கதையும். நம் சினிமாவில் டூல்ஸ் பையோடு ஒருத்தன் வந்தால் ஒன்று காமெடியனாக இருப்பான், இல்லை கடைசியில் கோடீஸ்வரன் பிள்ளை என்று தெரியவரும். குரு கடைசி வரைக்கும் எலக்ட்ரீஷியன்தான். கூலி பாக்கி, வாடகை பாக்கி, நாலு பேர் சேர்ந்து ஒரு டீ. இ.இ.இ. பிரிவு நண்பர்கள் அவசியம் பார்க்க வேண்டும்.

மொழி? எனக்கு இந்தி சுத்தமாகத் தெரியாது. எங்கள் பக்கத்து வீட்டில் பீகாரிலிருந்து வேலைக்கு வந்த குடும்பம் குடியிருக்கிறது. அந்த அக்கா அரைகுறைத் தமிழில் சொல்லச் சொல்லப் பார்த்தேன். பாதி புரிந்தது. புரியாத பாதிக்கு அந்த அக்கா சிரிப்பதைப் பார்த்து நானும் சிரித்தேன். அதுவரைக்கும் இரண்டு வருஷமாக அவரோடு நான் பேசியதே இல்லை.

'தமஸ்' என்று இன்னொன்று இருக்கிறது. பீஷ்ம சாஹ்னியின் நாவலை 1988-இல் கோவிந்த் நிஹலானி எடுத்தது. தோல் வேலை செய்கிற நத்து (ஓம் புரி) காசுக்காக ஒரு பன்றியைக் கொன்று கொடுக்கிறான். எதற்கென்று அவனுக்குத் தெரியாது. அதை வைத்து ஊரே பற்றி எரிகிறது. பிரிவினைக் காலக் கதை. தொடரைத் தடைசெய்யச் சொல்லி வழக்குப் போட்டார்கள். பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதிகள் உட்கார்ந்து பார்த்துவிட்டு, தடைசெய்யத் தேவையில்லை என்றார்கள். உச்ச நீதிமன்றமும் அதே வருஷம் அதையே சொன்னது. இதை நான் அம்மாவுக்குக் காட்டவில்லை. மனசு கெட்டிப்பட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு ஆதங்கமும் உண்டு. நம் விருத்தாசலத்துக் கதையை யார் எடுப்பார்கள்? நம் ஊரிலேயே இருக்கிற இமையம் 'செல்லாத பணம்' நாவலுக்காக 2020-ஆம் ஆண்டின் சாகித்ய அகாதமி விருது பெற்றவர். முந்திரிக் காட்டு மனுஷர்களை 'அஞ்சலை'யில் எழுதிய கண்மணி குணசேகரன் மணக்கொல்லைக்காரர். இவ்வளவு பக்கத்தில் கதைகளை வைத்துக்கொண்டு, சீரியலில் எப்போதும் பங்களா மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். நம் ஊர்ப் பேச்சில், பட்டறையும் சூளையும் மணிமுத்தாறும் தெரிகிற மாதிரி, அரை மணி நேரத்துக்கு ஒரு கதை வந்தால் எங்கள் அம்மா அசையாமல் பார்ப்பார். நம்மில் நாலு பேர் கையில் போன் இருக்கிறது. படம் எடுக்கத் தெரிந்தவர்கள் யோசிக்கலாமே!

கடைசியாக நம் மாணவர் சங்கத்துக்கு ஒரு கோரிக்கை. செமினார் ஹாலில் புரொஜெக்டர் சும்மாதான் இருக்கிறது. வாரத்தில் ஒருநாள், வகுப்பு முடிந்ததும் ஒரு நாடகம் போடலாம். டே ஸ்காலர் பெண்களும் இருந்து பார்க்கிற நேரமாக இருக்க வேண்டும், ராத்திரி வேண்டாம். 'கதை நேரம்' கதைகளில் சில யூடியூபிலேயே கிடைக்கின்றன, காசு செலவில்லை. முதல் வாரத்துக்கு 'தப்புக் கணக்கு' போடுங்கள். அரை மணி நேரம்தான். ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்துவிடலாம்.

- மூன்றாம் ஆண்டு மாணவி, செராமிக் பிரிவு